மறுமொழி: டர்ன்ஓவர் பிரிட்ஜ் = கரைமாறு பாலம்?

> இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டு கால்வாய்க் கையேட்டில் வரும் 'டர்ன்ஓவர் பிரிட்ஜ்' என்பதற்குத் தமிழில் 'சுழல் பாலம்' சரியா? 'கரைமாற்றுப் பாலம்' என்றும் ஒரு யோசனை.

ஐயா, வணக்கம்.

சுழல் பாலம் வேண்டாமே. ஸ்விங் பிரிட்ஜ் என்று வேறொன்று அங்கே இருக்கிறது. படகு வந்தால் பாலமே ஒரு பக்கமாகத் திரும்பி வழிவிடும். அந்தப் பெயரை அதற்கு விட்டுவைப்போம். நம்முடையது அசையாத கல் பாலம். திரும்புவது குதிரை.

கால்வாய் திறந்தது 1831-இல். கரையில் நடக்கும் குதிரைதான் வடம் கட்டிப் படகை இழுக்கும். இழுபாதை ஒரு கரையில்தான். நடுவழியில் அது மறுகரைக்குப் போனால் குதிரையும் போக வேண்டும். குதிரை பாலத்தின் மேல், படகு கீழே என்றால் வடம் பாலத்தைச் சுற்றிக்கொள்ளும். அவிழ்த்துத்தான் கட்ட வேண்டும்.

இங்கேதான் அந்தக் கொத்தனார்களின் மூளை. குதிரை சரிவில் ஏறி, பாலத்தைக் கடந்து, மறுகரையில் வந்த திசை பார்த்தே வளைந்து இறங்கும். பிறகு அதே பாலத்துக்கு அடியில் நுழைந்து பயணத்தைத் தொடரும். வடத்தை அவிழ்க்கவே வேண்டாம். வடம் எங்கும் மாட்டாதபடி கைப்பிடிச் சுவரும் கூர்முனையில்லாமல் வழுவழுவென்று சுருண்டு இறங்கும். அதனால் 'பாம்புப் பாலம்' என்றும் பெயர். பழைய கால்வாய்ப் பாலங்களின் மூலையைப் பாருங்கள், மண் ஒட்டிய ஈர வடம் உரசி உரசி விரல் புதையும் அளவுக்குக் கல்லில் பள்ளம் விழுந்திருக்கும். காப்புக்கு அடித்த இரும்புப் பட்டையையும் அது விட்டுவைக்கவில்லை.

'கரைமாற்றுப் பாலம்' பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் 'மாற்றுப் பாதை' பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஏதோ பாலம் இடிந்து இன்னொன்று கட்டியதாகத் தோன்றும். என் வாக்கு 'கரைமாறு பாலம்'. ஊறுகாய் போல வினைத்தொகை. குதிரை அன்று மாறியது, இன்று இழுபாதையில் நடப்பவர் மாறுகிறார்.

ஸ்ட்ராட்ஃபோர்டு கால்வாயின் 'ஸ்பிளிட் பிரிட்ஜ்' வேறு சங்கதி. இரண்டு பக்கமிருந்தும் நீளும் இரும்புத் தளங்கள் நடுவில் தொடாமல் நிற்கும். அந்தச் சந்து வழியே வடத்தை விடுவார்கள். 'பிளவுப் பாலம்' என்று எழுதினால் பொதுப்பணித் துறைக்குப் புகார் போகும். 'வடம்விடு பாலம்' பாருங்கள்.

படகு வசதிகளின் பெயர்களுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு 'நீர்வழங்கு முனையம்' எதற்கு? குழாயடிதான். படகு கட்டுமிடம் கட்டுத்துறை. 'விண்டிங் ஹோல்' மட்டும் யோசிக்க வைக்கிறது (வைண்டிங் என்று படிக்காதீர்கள், காற்றை 'விண்ட்' என்பது போலப் படகோட்டிகள் விண்டிங் என்பார்கள்). 70 அடிப் படகு குறுகிய கால்வாயில் எப்படித் திரும்பும்? கரையை ஓரிடத்தில் குடைந்து அகலமாக்கியிருப்பார்கள்; மூக்கை அதில் நுழைத்துத் திருப்ப வேண்டும். 'திருப்புமடு' எனலாமா?

---

> 'திருப்புமடு' எனலாமா?

கரைமாறு பாலம் கையேட்டில் ஏறிவிட்டது, நன்றி. வடம்விடு பாலமும். ஆனால் மடு என்றதும் எனக்கு கஜேந்திரனும் முதலையும்தான் நினைவுக்கு வருகிறார்கள். விடுமுறைக்குப் படகு எடுத்தவர் மூக்கை நுழைக்கத் தயங்குவாரே! 'திருப்புத்துறை' போதாதா?