லேசன்பியோட ஒரே பாண்ட் படம்: தருமபுரியில திரையிடலாமா?

தகடூர் வாசகன்

வணக்கம். தருமபுரியில மாசம் ஒரு படம் போட்டு, முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுற சின்னக் குழு எங்களோடது. அடுத்த மாசம் உளவுப் படம்னு முடிவாயிடுச்சு. 1969ல வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ போடலாம்னு சொன்னா, பாதிப் பேர் “ஷான் கானரி இல்லாத பாண்டையா?”ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. ஜார்ஜ் லேசன்பி மாடலிங் பண்ணிட்டிருந்தவர், நடிக்கத் தெரியாது, ஒரே படத்தோட கிளம்பிட்டார். இதுதான் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

ஆள் நிஜமாவே அவ்வளவு மோசமா, இல்ல பேர்தான் கெட்டுப்போச்சா? படம் 142 நிமிஷம். இடைவேளை எங்க விட்டா கெடாது? காலேஜ் பிள்ளைங்களும் வருவாங்க, குடும்பத்தோட வர்றவங்களும் இருக்காங்க. திரை 12 அடி அகலம், சாதாரண 16:9 புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைக்கோட்டை, கிருஷ்ணகிரி

தாராளமா போடுங்க. ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை எல்லாருக்கும் சொல்லிடுங்க, ஏன்னா இந்தப் படத்துமேல வர்ற புகார்ல பாதி அங்கதான் பிறக்குது.

படத்தோட நடுப்பகுதியில பாண்ட், சர் ஹிலரி ப்ரேங்கிற வம்சாவளி ஆராய்ச்சியாளர் வேஷத்துல வில்லன் ப்ளோஃபெல்டோட மலை உச்சிக்குப் போறார். அந்த வேஷத்துல இருக்கிறவரைக்கும் நீங்க கேக்கிற குரல் லேசன்பியோடது இல்ல. நிஜ ப்ரேயா நடிச்ச ஜார்ஜ் பேக்கர் டப்பிங் பேசினது. “குரல் ஒட்டல, ஆள் மரக்கட்டை மாதிரி நிக்கிறார்”னு சொல்றவங்க பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் காட்டுவாங்க. வாய் ஒருத்தருது, குரல் இன்னொருத்தருது, எப்படி ஒட்டும்? பேக்கர் முன்னாடியே ஒரு காட்சியில நேர்ல வந்து பேசிட்டுப் போவார், அப்பவே காதைத் தீட்டி வெச்சுக்கிட்டா அப்புறம் குரல் மாறுற இடம் பட்டுனு தெரியும். லேசன்பியை எடை போடணும்னா இந்தப் பகுதியைத் தள்ளி வெச்சுட்டு, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் வர்றதைப் பாக்கணும்.

முன்னாடி வர்றதுல இன்னொரு சிக்கல். நம்ம சீரியல்ல ஆளை மாத்தினா ‘இவருக்குப் பதில் இவர்’னு கார்டு போடுவாங்களே, அந்தக் கார்டை இவங்க முக்கால் மணி நேரத்துக்கு இழுத்திருக்காங்க. ஆரம்பக் கடற்கரைச் சண்டை முடிஞ்சதும் லேசன்பி, இன்னொரு ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லன்னு முணுமுணுக்கிறார். டைட்டில்ல பழைய படங்களோட துண்டுக் காட்சிகள். பாண்ட் தன்னோட மேஜை டிராயரைத் திறந்தா பழைய கத்தி, கழுத்தை நெரிக்கிற கம்பி ஒளிச்ச வாட்ச், தண்ணிக்குள்ள மூச்சு விடுற குட்டிக் கருவின்னு ஒவ்வொண்ணா வெளிய வருது. கூட்டுற ஆள் ஒருத்தர் ‘கோல்ட்ஃபிங்கர்’ ட்யூனை விசிலடிக்கிறார். புது ஆளை நம்புங்கன்னு இவ்வளவு கெஞ்சினா யாருக்குத்தான் சந்தேகம் வராது? இது லேசன்பியோட தப்பில்ல, தயாரிப்பாளர்களோட பயம்.

இப்ப பின்பகுதிக்கு வாங்க. ப்ளோஃபெல்ட் இவரைக் கண்டுபிடிச்சு, கேபிள் கார் சக்கரம் ஓடுற அறைக்குள்ள தள்ளிப் பூட்டிடுவான். வெளிய போக ஒரே வழி, கம்பி போற திறப்பு. பாண்ட் என்ன பண்றார்னா, பேன்ட் பாக்கெட் துணியைக் கிழிச்சு கையில மாட்டிக்கிட்டு, பனி பூத்த கம்பியைப் பிடிச்சுத் தொங்குறார். கருவி கிடையாது, கிண்டல் வசனம் கிடையாது. கை வழுக்குது. அதுக்கப்புறம் ராத்திரியில பனிச்சறுக்குத் துரத்தல். ஒரு சறுக்குப் பலகை கழண்டு போயி, ஒத்தப் பலகையிலேயே இறங்குவார்.

கீழே ஊர்ல கிறிஸ்துமஸ் கூட்டம். அங்கதான் இந்தப் படத்தோட உயிர் இருக்கு. பனிக்கரடி வேஷம் போட்ட ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா ஃப்ளாஷ் அடிச்சதும் பாண்ட் நிஜமாவே பதறிப் போறார். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு, ஸ்கேட்டிங் தளத்து ஓரத்துல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திடுறார். ஒளியறதுக்கு இடமில்ல, ஓடறதுக்குத் தெம்பில்ல. அப்ப ரெண்டு ஸ்கேட்டிங் ஷூ முன்னால வந்து நிக்குது. நிமிர்ந்து பார்த்தா ட்ரேஸி, பாண்ட் காதலிக்கிற பொண்ணு. அந்த நிமிரும் மூஞ்சியை கானரிகிட்ட இருந்து நீங்க வாங்கவே முடியாது. அவர் மூஞ்சியைப் பார்த்தாலே இந்த ஆள் தப்பிச்சிடுவான்னு நமக்குத் தெரிஞ்சிடும். லேசன்பிக்கு அது இல்ல. இந்தக் கதைக்கு அந்த இல்லாமைதான் வேணும். அப்போ ஆளுக்கு வயசு முப்பதுகூட ஆகல.

இடைவேளை: சக்கர அறைக் கதவு பூட்டுற இடம். முதல் பாதி நீளம், ரெண்டாம் பாதி ஒரு மணி நேரத்துக்கு ஒட்டி வரும், ஆனா வேகமா ஓடும். நேரத்தை முன்னாடியே டிஸ்க்ல ஓட்டிப் பார்த்துக் குறிச்சு வெச்சுக்கோங்க. சரிபாதியில நிறுத்துறேன்னு 71வது நிமிஷத்துல நிறுத்தினீங்கன்னா, மலை உச்சியில பொண்ணுங்களோட பேசிட்டிருக்கிற மந்தமான பகுதியில போய் மாட்டும். பாதிப் பேர் டீக்குப் போனவங்க திரும்ப மாட்டாங்க.

பாலக்கோடு தக்காளி

மலைக்கோட்டை அண்ணா, எல்லாப் பழியையும் பேக்கர் தலையில கட்டாதீங்க. சூதாட்ட அறைக் காட்சியில லேசன்பி குரல் அவரோட சொந்தக் குரல்தான். அங்கயும் வசனத்தை ஒப்பிக்கிறார். கிண்டல் வரியை எல்லாம் கடைசி வார்த்தையில அழுத்திக் கெடுக்கிறார்.

உடம்பு மொழி நல்லா இருக்கு, அதை ஒத்துக்கிறேன். டெஸ்ட் சண்டையில எதிர்ல நின்ன யூரி போரியென்கோ மூக்கை உடைச்சதுல இம்ப்ரெஸ் ஆகித்தான் வேலை கொடுத்தாங்கன்னு சொல்வாங்க, அந்த மூக்குக்காரரே படத்துல வில்லன் ஆளா வர்றார். ஆனா சண்டை போடத் தெரிஞ்சவரை எடுத்தா சண்டைதான் நல்லா வரும்.

அப்புறம் அந்தப் பெரிய ஓட்டை. 1967ல வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்துல பாண்டும் ப்ளோஃபெல்டும் நேருக்கு நேர் பேசியாச்சு. இதுல ஒரு கண்ணாடியும் பைப்பும் வெச்சுக்கிட்டு வந்தா ப்ளோஃபெல்டுக்கு அடையாளமே தெரியலையாம்.

மலைக்கோட்டை, கிருஷ்ணகிரி

தம்பி, கிண்டல் வரி விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அது மோசம், பேச்சே இல்ல.

ஓட்டைக்குக் காரணம் வரிசை மாறினது. இயன் ஃப்ளெமிங் நாவல்ல இது 1963, அந்த 1967 படத்தோட நாவல் 1964. நாவல் வரிசைப்படி இங்கதான் ரெண்டு பேரும் முதல்ல சந்திக்கிறாங்க. படத்துல அதை முன்னாடி எடுத்துட்டாங்க, இதை எடுக்கும்போது நாவலை மாத்தாம அப்படியே எடுத்தாங்க. ப்ளோஃபெல்டாவும் வேற நடிகர், டெலி சவாலஸ். ரெண்டு பக்கமும் மூஞ்சி மாறிட்டதால அடையாளம் தெரியலன்னு வெச்சுக்க வேண்டியதுதான்.

சண்டை நல்லா வந்ததுக்கு முழுக் காரணம் லேசன்பி இல்ல. டைரக்டர் பீட்டர் ஹன்ட் முதல் படத்துல இருந்து பாண்ட் படங்களோட எடிட்டர், டைரக்‌ஷன்ல இதுதான் முதல் படம். எடிட்டிங் ஜான் க்ளென். இவர்தான் பிற்பாடு 1981ல இருந்து 1989 வரைக்கும் வரிசையா அஞ்சு பாண்ட் படம் டைரக்ட் பண்ணவர். கடற்கரைச் சண்டையைக் கவனிங்க: ஒரு அசைவு முழுசா முடியறதுக்குள்ள அடுத்த ஷாட்டுக்குத் தாவும், நடுவுல சில ஃபிரேமைப் பிடுங்கியிருப்பாங்க, அடிச் சத்தம் மட்டும் கனமா விழும். சிலருக்குக் கண்ணு கூசும். ஆனா இன்னிக்கு எல்லா ஆக்‌ஷன் படமும் இப்படித்தான் வெட்டுது.

பனிச்சறுக்குக் காட்சிகளுக்கு வில்லி போக்னர் கையில கேமராவோட தானே பின்பக்கமாச் சறுக்கிப் படம் பிடிச்சிருக்கார். ஹெலிகாப்டருக்குக் கீழ பாராசூட் பட்டையில தொங்கிக்கிட்டு எடுத்தவர் ஜான் ஜோர்டன். முந்தைய படத்துல ஹெலிகாப்டர் விபத்துல காலை இழந்தவர் அவர். மலை உச்சி செட் இல்ல, சுவிட்சர்லாந்துல 2,970 மீட்டர் உயரத்துல இருக்கிற ஷில்ட்ஹார்ன். சுத்துற ரெஸ்டாரண்ட் அப்பத்தான் கட்டிக்கிட்டிருந்தாங்க, படக் கம்பெனி பணம் கொடுத்து அதை முடிக்க உதவிட்டு, ஷூட்டிங்குக்கு எடுத்துக்கிட்டது.

அரூர் பேத்தி

ரெண்டு பேரும் பாண்டையே பேசிக்கிட்டிருக்கீங்க. இந்தப் படம் நிக்கிறது ட்ரேஸியா நடிச்ச டயானா ரிக்னால. அவங்க ஏற்கெனவே டிவியில பேர் வாங்கின நடிகை, புது ஆளுக்குத் துணையா வேணும்னே தேர்ந்தெடுத்தது. பனியில நடக்கிற கார் ரேஸ்ல ஸ்டியரிங் ட்ரேஸி கையில, பாண்ட் பக்கத்து சீட்ல. மலை உச்சித் தாக்குதல்ல அந்த மூக்குடைஞ்ச அடியாளை முடிக்கிறதும் அவங்கதான்.

தருமபுரியில பேசுறதுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு, விட்டுடாதீங்க. ட்ரேஸியோட அப்பா ட்ராகோ, என் பொண்ணைக் கட்டிக்கோ, பத்து லட்சம் பவுண்டு தர்றேன்னு பாண்ட்கிட்ட பேரம் பேசுறார். அச்சு அசல் வரதட்சணை. அவளை அடக்க ஒரு ஆம்பளை வேணும்னு வேற சொல்றார். கல்யாணத்தன்னிக்கு அந்தப் பணத்தை பாண்ட் திருப்பிக் கொடுத்துடுவார். 1969ல வெள்ளைக்காரன் படத்துல இப்படி ஒரு பேச்சான்னு பிள்ளைங்க கேக்கும், பேச்சை அங்க இருந்து ஆரம்பிங்க.

குடும்பத்தோட வர்றவங்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. மலை உச்சிப் பகுதியில பாண்ட் ஒரே ராத்திரியில ரெண்டு பொண்ணுங்க ரூமுக்குப் போறதும், லிப்ஸ்டிக்கால தொடையில ரூம் நம்பர் எழுதுறதும் வரும். பச்சையா எதையும் காட்டல, ஆனா நெளிய வைக்கும். க்ளைமாக்ஸுக்கு முன்னால ட்ராகோ பொண்ணையே ஒரு குத்து விட்டு மயங்க வெச்சுத் தூக்கிட்டுப் போறார், அதைக் காமெடி மாதிரி எடுத்திருக்காங்க. எனக்கு லிப்ஸ்டிக்கைவிட அதுதான் உறுத்துது. முடிவை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லாதீங்க.

ஓசூர் ஒளிக்கற்றை

திரையிடல் பக்கம் நான் சொல்றேன். படத்தோட அகலம்-உயரம் விகிதம் 2.35:1. உங்க 12 அடி அகலத்துக்குப் பட உயரம் 5 அடி 1 அங்குலம்தான் வரும், மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை நிக்கும். யாராவது “திரை காலியா இருக்கே”ன்னு ரிமோட்டை எடுத்து ஜூம் பண்ணுவாங்க. விடாதீங்க. 16:9க்கு நிரப்பினா அகலத்துல ஏறக்குறைய கால்வாசி போயிடும், ரெண்டு ஓரத்துல நிக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தர் காணாமப் போவார். பட்டை உறுத்தினா கறுப்புத் துணியால மேல் கீழை மறைச்சுக் கட்டுங்க, படம் பளிச்சுனு தெரியும்.

புரொஜெக்டர்ல ‘டைனமிக்’, ‘விவிட்’ ரெண்டும் வேண்டாம். பனி வெறும் வெள்ளைத் தாளா வெளுத்துப் போகும், சறுக்கின தடம்கூடத் தெரியாது. ‘சினிமா’ மோட்ல வெச்சு, பகல் பனிக் காட்சி ஒண்ணை நிறுத்தி, தடம் தெரியற வரைக்கும் கான்ட்ராஸ்ட்டைக் குறைங்க. அப்புறம் ராத்திரித் துரத்தலுக்குப் போய், கறுப்பு உடுப்பும் மரமும் பிரிஞ்சு தெரியற அளவுக்கு பிரைட்னஸை ஏத்துங்க. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணும் மாறும், அதனால முடிச்சதும் பனிக் காட்சியைத் திரும்ப ஒரு தடவை பாத்துக்கோங்க.

சத்தம்: 5.1 ட்ராக்கை, அதாவது ஆறு ஸ்பீக்கருக்கான ஒலியை, ரெண்டு ஸ்பீக்கர்ல அப்படியே விட்டா வசனம் அமுங்கிடும், அது நடு ஸ்பீக்கருக்கானது. பிளேயர் செட்டிங்ல ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. பழைய மோனோ ட்ராக் டிஸ்க்ல இருந்தா அதுவே மேல், படம் வந்ததே மோனோவுலதான். ஜான் பாரியோட டைட்டில் இசையில அடியில ஓடுற ‘மூக்’ங்கிற மின்னணு இசைக்கருவியோட பாஸ் ஹால்ல இரையும், பாஸைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. ஆங்கில சப்டைட்டில் கட்டாயம் போடுங்க, இதுல ஆளுக்கொரு உச்சரிப்பு.

கோடைக்காலம்னா ஆறரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஜன்னலை மறைக்க முடியலன்னா தள்ளித்தான் ஆரம்பிக்கணும். கடை டிஸ்க்கை வீட்டுல பாக்கலாம், பொதுவுல காட்டத் தனி உரிமம் வேணும். டிக்கெட் இல்லாட்டியும் அதே கதைதான். முதல்ல அதைக் கேட்டு வாங்குங்க.

பாலக்கோடு தக்காளி

படம் ஓடலைங்கிறது சும்மா. முந்தைய படத்தைவிட வசூல் கம்மி, அவ்வளவுதான், நஷ்டம் கிடையாது. ஏழு படத்துக்கு ஒப்பந்தம் தர்றோம்னு சொன்னதை வேண்டாம்னது லேசன்பிதான். பாண்ட் காலம் முடிஞ்சுபோச்சுன்னு அவரோட ஏஜென்ட் ரோனன் ஓ’ரஹிலி ஓதிட்டார். பிரீமியருக்கே தாடியோட போய் நின்னார் மனுஷன். 1971ல கானரி திரும்ப வந்தார்.

அதுக்கப்புறம் ட்ரேஸி பேரை ரொம்ப நாளைக்கு யாரும் பெருசா எடுக்கல. 1981 படத்து ஆரம்பத்துல பாண்டா நடிச்ச ரோஜர் மூர் அவங்க கல்லறைக்கு வர்றார். 2021 பாண்ட் படத்துல, இதுல வர்ற லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டை அப்படியே திரும்பப் போட்டாங்க. கிறிஸ்டோபர் நோலனுக்குப் பிடிச்ச பாண்ட் படம் இதுதான்னு அவரே சொல்லியிருக்கார். பிள்ளைங்களை இழுக்க நோட்டீஸ்ல அதைப் போடுங்க, லேசன்பி பேரைவிட அது வேலை செய்யும்.

தகடூர் வாசகன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன வரதட்சணைப் பேச்சுலயே உரையாடலை ஆரம்பிக்கிறோம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கிடைச்சிடுச்சு, அதனால 5.30க்கு ஆரம்பம். 142 நிமிஷமும் 15 நிமிஷ இடைவேளையும் சேர்த்தா 8.07க்கு முடியும். பென்னாகரம், அரூர் பஸ்ஸுக்குப் போறவங்களுக்காகப் பேச்சை 8.40க்குள்ள முடிக்கணும். ஒளிக்கற்றை சார், எழுத்து ஓடி முடியற வரைக்கும் லைட்டைப் போடாம வெச்சிருக்கலாமா?

ஓசூர் ஒளிக்கற்றை

வெச்சிருங்க, ஆனா கை வால்யூம்மேலயே இருக்கட்டும். மெதுவான இசையில எழுத்து ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீர்னு பாண்ட் தீம் இரைச்சலா அடிக்கும். அது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இறக்கிட்டு லைட்டைப் போட்டுடுங்க.