மறுமொழி: பூனைக்காலி விதை ஆய்வில் ‘எக்ஸ்ட்ராக்ட்’: ‘கரைசாரம்’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பூனைக்காலி என்ற அவரையினக் கொடியின் விதையை வைத்துச் செய்யும் மருந்தியல் சோதனைகள் குறித்து நாம் தமிழில் எழுதும் செய்முறைக் கையேட்டில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ (extract) என்பதற்குச் ‘சாறு’ என்றே வைத்துக்கொள்ளலாம் எனக் குடியாத்தத்து நண்பர் எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த எளிய சொல்தான். ஆனால் இங்கே பொருந்தாது என்பது என் கருத்து. சாறு என்பது பச்சை இலையையோ பழத்தையோ பிழிந்தால் வருவது. நாமோ காய்ந்து இறுகிய விதையை உடைத்துப் பொடித்து, சிறிது அமிலம் சேர்த்த எத்தனால்-நீர்க் கலவையில் ஊறவைத்து, வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கிவிட்டு, குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் பசையைச் சுரண்டி எடுத்து நிறுக்கிறோம். எலிகளுக்குக் கொடுக்கும் அளவையும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றே குறிக்கிறோம். ‘சாறு’ என்று படிக்கும் மாணவர் தராசை விட்டுவிட்டு அளவுக்குவளையைத் தேடிப் போவார்.

‘கசாயம்’ என்ற சொல்லை நான் இன்னும் கடுமையாக எதிர்ப்பேன். பூனைக்காலி விதையின் நீர்க்கரைப்பைச் சுண்டெலிகளுக்கு முன்கூட்டியே செலுத்திவிட்டு, பிறகு சுருட்டை விரியனின் நஞ்சைச் செலுத்திப் பார்த்த ஆய்வுகள் உள்ளன. அவற்றில் ஓரளவு பாதுகாப்பும் காணப்பட்டது. கவனிக்க வேண்டியது, நஞ்சுக்கு முன்னரே அது செலுத்தப்பட்டது என்பதுதான். கடிபட்ட பின் கொடுத்துக் காப்பாற்றியதாக அதற்குப் பொருளில்லை. இதைத் தமிழில் ‘பூனைக்காலிக் கசாயம் விரியன் நஞ்சைத் தடுத்தது’ என்று எழுதிவிட்டால், ஜவ்வாது மலையடிவாரத்தில் யாரோ ஒருவர், கடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். கசாயம் வீட்டில் காய்ச்சிக் குடிப்பது. ஆய்வகப் பொருளுக்கு அந்தப் பெயர் கூடாது.

வேலூரில் மருந்தியல் கற்பிக்கும் அம்மையார் முன்வைத்த ‘ஊறல்’ செய்முறைக்கு மிக நெருக்கமான சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் மலையில் பேரல் பேரலாகச் சாராய ஊறலைக் கொட்டி அழித்ததாகக் காவல்துறைச் செய்தி படித்துப் பழகிய நம் மாவட்டத்து மாணவர்களிடம் ‘விதை ஊறலைத் தயார் செய்க’ என்று சொன்னால், வகுப்பு அன்றைக்கு அவ்வளவுதான்.

எனவே ‘கரைசாரம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுநீர் என்பவற்றைப் போல இது வினைத்தொகை. ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. எத்தனால் கரைசாரம், நீர்க் கரைசாரம், விதைக் கரைசாரம் என்று தடையின்றி அடை ஏற்கிறது. ‘கரைசாரம் எடுத்தல்’ என வினையாகவும் வழங்கலாம். ‘சாரம்’ என்றால் நவச்சாரமும் கொத்தனார் கட்டும் சாரமும் நினைவுக்கு வரும் என்று ஒருவர் சொல்லக்கூடும். ‘கரை’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘கரைசல்’ என்பதோடு மயங்கும் என்பதே சற்று வலுவான மறுப்பு. இரண்டையும் கையேட்டின் முதற்பக்கத்திலேயே வேறுபடுத்திக் காட்டிவிட வேண்டும்.

விதைப்பொடி, கரைசாரம், அதிலிருந்து தூய்மையாகப் பிரித்த லெவோடோபா (பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் மருந்துப்பொருள்) ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்பதைக் கையேடு ஒருபோதும் மங்கவிடக் கூடாது. இவ்விதையிலிருந்து லெவோடோபாவைத் தனித்துப் பிரித்து 1937இல் அறிவித்தவர்கள் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும். அவர்கள் கையில் இருந்தது தூய படிகம். 2004இல் வெளியான பார்க்கின்சன் நோய் ஆய்விலோ, 8 நோயாளிகளுக்கு 15 கிராம், 30 கிராம் என விதைப்பொடித் தயாரிப்பே கொடுக்கப்பட்டது. 30 கிராமில் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் லெவோடோபா இருந்தது. வழக்கமான லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையைவிட அது விரைவாக வேலை செய்யத் தொடங்கியது. அந்த ஆய்வைக் கரைசார ஆய்வு என்று எழுதினால், 30 கிராம் கரைசாரத்தையே உட்கொள்ளலாம் என்று ஒருவர் கணக்கிட்டுவிட முடியும். கரைசாரத்தில் லெவோடோபாவின் செறிவு பொடியில் இருப்பதைவிடப் பல மடங்காகவும் இருக்கலாம்.

இனி ‘க்ரூட் எக்ஸ்ட்ராக்ட்’, அதாவது மேலும் தூய்மை செய்யாத கரைசாரம். ‘கச்சா’ என்பது கச்சா எண்ணெய் வழியாக ஏற்கெனவே பழகிவிட்ட சொல்லாதலால் ‘கச்சாக் கரைசாரம்’ போதும் என்று நினைக்கிறேன். தனித்தமிழ் வேண்டுவோர் ‘தூய்மிக்காக் கரைசாரம்’ என்பதைப் பரிசீலிக்கலாம், எனக்கு அது நாவில் உருளவில்லை. கரைசாரத்திலிருந்து மேலும் பிரித்தெடுக்கும் பகுதியான ‘ஃப்ராக்ஷன்’ என்பதற்குக் ‘கூறு’ என்றே எழுதி வருகிறேன். மறுப்பிருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.