வட்டக்கச்சி வீடு (குடும்பம் மட்டும்)

செவ்வாய், மாலை 6.40

ரவி அண்ணா: எல்லோருக்கும் வணக்கம். ஐயாவின் முதல் வருட ஆட்டைத் திவசம் வருகிற மாதம் 6ஆம் திகதி, சனிக்கிழமை. ஐயரிடம் பஞ்சாங்கம் பார்த்து உறுதி செய்துவிட்டேன். காலை 7 மணிக்குக் கிரியை வீட்டில், மதியச் சாப்பாடு மண்டபத்தில். எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் சொல்லுங்கள், சமையற்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

செல்வம் மாமா: சனியா

செல்வம் மாமா: ஞாயிறு என்றால் எல்லோருக்கும் வசதி

ரவி அண்ணா: திதி மாமா. நான் வைத்த நாள் இல்லை.

ரஞ்சி மாமி: எந்த மண்டபம்? 31ஆம் நாள் கிரியைக்கு எடுத்ததா? அங்கே கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் வரவில்லை. நான் போத்தல் தண்ணீரில் கழுவினேன்.

ரவி அண்ணா: அன்று வெள்ளவத்தை முழுக்கவே தண்ணீர் இல்லை மாமி

ரஞ்சி மாமி: இருந்தாலும்

பெரியம்மா: (குரல் செய்தி, 1:52)

செல்வம் மாமா: அக்கா என்ன சொல்கிறா? பஸ்ஸில் நிற்கிறேன், கேட்க முடியாது

தர்ஷி: குகன் அண்ணா டிக்கெட் போட்டுவிட்டாரா என்று கேட்கிறா. கொள்ளி வைத்தவர்தான் ஆட்டையும் செய்ய வேண்டுமாம். 31க்கு ரவி அண்ணா செய்தது சரி, ஆனால் ஆட்டைக்கு மூத்தவர் நிற்க வேண்டுமாம். அப்புறம் லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லையாம்.

ரவி அண்ணா: லிஃப்ட் பற்றி நாளை பேசுகிறேன்

ரஞ்சி மாமி: மூன்று கிழமையாக நாளை

இரவு 8.05

குகன் அண்ணா கனடா: அம்மா, எல்லோரும் மன்னிக்க வேண்டும். 6ஆம் திகதிக்கு வர ஏலாது போலிருக்கிறது. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சாட்டு என்பீர்கள். இங்கே ஒன்ராறியோவில் முதல் புல் வெட்டு மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் வரும். நாங்கள் வெட்டுவது அல்ஃபால்ஃபா, சித்தப்பா அதைக் குதிரைமசால் என்பார். மொட்டு விடுகிற பருவத்தில் வெட்டினால் புரதம் நிறைய இருக்கும். பூத்துவிட்டால் தண்டு தடித்துவிடும், மாடு தின்றாலும் பால் வராது. வெட்டிய புல்லை ஒரு நாள் வாடவிட்டு, ஈரம் 65 வீதம் அளவுக்கு இறங்கியதும் சேர்த்து, நறுக்கி, குழியில் காற்றுப் புகாமல் அமுக்கி மூட வேண்டும். உள்ளே புளித்து மாட்டுத் தீனியாகும். வெயில் கிடைப்பது இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் வரிசையில் 11 பண்ணை. இந்தக் கிழமை தொடங்குகிறது.

செல்வம் மாமா: சரி

செல்வம் மாமா: புல்லுக்கு லீவு இல்லையாம்

ரஞ்சி மாமி: கனடா போனவர்கள் எல்லாம் ஸ்காபரோவில் கடை, வீடு என்று இருக்கிறார்கள். இவன் ஒருவன்தான் ரொறன்ரோவைத் தாண்டிப் போய் மாட்டோடு நிற்கிறான்.

குகன் அண்ணா கனடா: வூட்ஸ்டொக் மாமி. கனடாவின் பால் தலைநகரம் என்று போர்டே போட்டிருக்கிறார்கள்.

ரஞ்சி மாமி: புல்லு வெட்ட அங்கே வேறு ஆள் இல்லையா?

குகன் அண்ணா கனடா: நான் வெட்டுவதில்லை. வெட்டிக் கிடக்கிற வரிசைகளைச் சேர்ப்பவன்.

செல்வம் மாமா: பொறுக்குகிற வேலை

குகன் அண்ணா கனடா: (படம்)

தர்ஷி: அம்மாடி, எவ்வளவு அகலம்

ரஞ்சி மாமி: இது வெட்டு மெசின்தானே? பரந்தனில் நெல் வெட்டுகிறது இப்படித்தான் இருக்கும்.

குகன் அண்ணா கனடா: இல்லை மாமி, இதில் கத்தியே கிடையாது. முன்னால் மூன்று தலை தெரிகிறதா, அதில் சீப்புப் பல் மாதிரிக் கம்பிகள் சுற்றும். கிடக்கிற புல்லை அவை நிலத்திலிருந்து தூக்கிப் பின்னால் உள்ள பெல்ட்டில் போடும். பெல்ட் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஒரே வரிசையாகக் கொட்டும். இடப்பக்கமும் கொட்டலாம், வலப்பக்கமும் கொட்டலாம். நாலு வரிசை ஒன்றாகிவிடும். பின்னால் வருகிற நறுக்கு மெசினுக்குப் பெரிய வாய். மெல்லிய வரிசையைக் கொடுத்தால் வாய் நிறையாமல் டீசலைத்தான் குடிக்கும்.

ரவி அண்ணா: அண்ணை, எத்தனை பேர் என்றுதான் கேட்டேன்

குகன் அண்ணா கனடா: சொல்கிறேன் பொறு. வாரியால் வாரினாலும் வரிசை சேரும்தானே என்று கேட்பீர்கள். முந்தி அப்படித்தான் செய்தோம். ஆனால் வாரி புல்லை நிலத்தோடு இழுத்துக்கொண்டு போகும். முற்றம் கூட்டும்போது சருகோடு மண்ணும் சேர்ந்து வருமே, அதே மாதிரி. ஒரு கல் நறுக்கு மெசினுக்குள் போனால் கத்தி எல்லாம் போச்சு. மண் சேர்ந்தால் குழிக்குள் புல் புளிக்காமல் நாறிவிடும். இன்னொன்று, அல்ஃபால்ஃபாவில் புரதம் பெரும்பாலும் இலையில்தான். காய்ந்ததை இழுத்தால் இலை கொட்டித் தண்டுதான் மிஞ்சும். இந்த மெசின் இழுக்காது, தூக்கி வைக்கும். அதனால் கொட்டுவது குறைவு.

செல்வம் மாமா: இறங்கிவிட்டேன். எவ்வளவு எழுதியிருக்கிறான்

தர்ஷி: டிரக்டரில் கொளுவி இழுக்கிறதா அண்ணா?

குகன் அண்ணா கனடா: இழுக்கிற வகையும் இருக்கிறது. பிரான்ஸ் குன் கம்பனி செய்வது அப்படி. அதில் முன்னால் போகிற டிரக்டரின் சில்லு சில வேளை வரிசையை மிதித்துவிடும். எங்களுடையது தானாக ஓடுவது, சொந்த எஞ்சின். தலைகள் எனக்கு முன்னால். கண்ணுக்கு முன்னாலேயே புல் ஏறுகிறது, சில்லு சுத்தமான நிலத்தில் வருகிறது. அமெரிக்காவில் ஒக்ஸ்போ என்று ஒரு கம்பனி இந்த மாதிரி செய்கிறது.

ரஞ்சி மாமி: என்ன விலை

குகன் அண்ணா கனடா: வெள்ளவத்தையில் ஒரு புளட் வாங்கலாம் மாமி

ரஞ்சி மாமி: கடல் பக்கமா, உள்ளேயா

செல்வம் மாமா: 😂

ரவி அண்ணா: இந்த விலைக்கு மெசின் வாங்கியவருக்கு ஒரு டிரைவர் பிடிக்க ஏலாதா?

குகன் அண்ணா கனடா: ஓட்டத் தெரிந்தது இரண்டு பேருக்கு. மற்றவர் மாட்டுத் தொழுவத்தில் வழுக்கிக் கை முறிந்து கிடக்கிறார்.

ரவி அண்ணா: ஒவ்வொரு முறையும் ஒரு கை முறிகிறது

குகன் அண்ணா கனடா: என்ன கதைக்கிறாய் தம்பி. ஐயாவுக்கு வந்தேன்தானே.

ரவி அண்ணா: வந்தாய். ஒன்பதாம் நாள் போனாய். 31க்கு முகத்துவாரத்தில் வெயிலில் நின்றது நான்.

ரவி அண்ணா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

தர்ஷி: ரவி அண்ணா, நான் பார்த்துவிட்டேன்

ரவி அண்ணா: நீ பார்த்தால் பரவாயில்லை

மாஸ்டர் சித்தப்பா: பிள்ளைகளே, சண்டை வேண்டாம். குகன் சொல்வது நம் வட்டக்கச்சி வயலில் நடந்ததுதான். அரிவு வெட்டியதும் உப்பட்டி, அதாவது வெட்டிப் போட்ட கதிர், காய வேண்டும், காய்ந்ததும் சேர்த்துச் சூடாகக் குவித்து வைக்க வேண்டும். இடையில் மழை வந்தால் நெல் முளைத்துவிடும். அண்ணர் அந்த நாட்களில் வீட்டுக்குக்கூட வரமாட்டார். களத்திலேயே படுக்கை.

ரஞ்சி மாமி: அதை எனக்குச் சொல்ல வேண்டாம் மாஸ்டர்

மாஸ்டர் சித்தப்பா: ஏன்

ரஞ்சி மாமி: எங்கள் கலியாணத்துக்கே வராத மனிசன். சொந்த மச்சான் கலியாணம். உப்பட்டி கிடக்கிறது, மேகம் கறுத்துவிட்டது என்று ஆள் அனுப்பிச் சொன்னவர். படத்தைப் பாருங்கள், அக்கா தனிய நிற்கிறா.

செல்வம் மாமா: விடப்பா

ரஞ்சி மாமி: விட்டுத்தான் நாற்பது வருடம். அப்பனுக்கு வைக்கோல், மகனுக்குப் புல்லு.

செல்வம் மாமா: அன்று மழை பெய்ததும் உண்மை. தாலி கட்டும் நேரம் பந்தல் ஒழுகியது. அத்தான் சொன்னது சரியாகத்தான் வந்தது.

ரஞ்சி மாமி: நீங்கள் அவர் பக்கம்

செல்வம் மாமா: அடுத்த கிழமை இரண்டு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாப்பிடாமல் போனார்

ரஞ்சி மாமி: நான்தான் சாப்பிடச் சொல்லவில்லை

ரவி அண்ணா: வயல் பேச்சு வந்தபடியால் கேட்கிறேன். ஐயாவின் அந்த மசி பேர்குசன் டிரக்டரை ஒருவர் கேட்கிறார். மாமரத்துக்குக் கீழே துருப்பிடித்துக் கிடக்கிறது. கொடுத்துவிடலாமா?

குகன் அண்ணா கனடா: இல்லை

ரவி அண்ணா: ஓடாதது அண்ணை

குகன் அண்ணா கனடா: எஞ்சின் நல்லது. இன்ஜெக்டர் பம்பைப் பார்த்தால் ஓடும். நான் தொழில் படித்ததே அதில்தான். ஐயா ஸ்பேனரைக் கையில் தராமல் நம்பரைச் சொல்லுவார், நான் பெட்டியில் தேடி எடுக்க வேண்டும். பிழையாக எடுத்தால் காது முறுக்கு.

ரவி அண்ணா: அப்போ காணியும் விற்க ஏலாது, டிரக்டரும் விற்க ஏலாது, ஆட்டைக்கும் வர ஏலாது

மாஸ்டர் சித்தப்பா: காணிப் பேச்சைத் திவசம் முடியும்வரை எடுக்காதீர்கள்

ரஞ்சி மாமி: (அதிகமுறை பகிரப்பட்டது) வியாழன் இரவு 8 முதல் கொழும்பு 6இல் நீர்வெட்டு. அனைவரும் பகிரவும்.

தர்ஷி: மாமி, அது போன வருடத்துச் செய்தி

ரஞ்சி மாமி: எதற்கும் பிடித்து வையுங்கள்

இரவு 9.20

தர்ஷி: ஒரு யோசனை. நம் காலை 7 மணி அங்கே வெள்ளி இரவு 9.30. வீடியோ கோலில் குகன் அண்ணா இருந்தால்?

செல்வம் மாமா: ஐயர் சம்மதிப்பாரா

ரவி அண்ணா: பிண்டம் போடுவது யார்? போனா?

மாஸ்டர் சித்தப்பா: ரவி தர்ப்பை போட்டுச் செய்யட்டும். குகன் அங்கிருந்து பார்த்தபடி நீரை விடட்டும். முறை என்று சொல்ல மாட்டேன்.

குகன் அண்ணா கனடா: இரவு 9.30க்கு நான் பெரும்பாலும் மெசினில்தான் இருப்பேன். புல் மிஞ்சிக் காய்ந்துவிட்ட நாட்களில் இரவில்தான் ஓட்டுவோம். பனி இறங்கியதும் இலை கொஞ்சம் பதமாகும், அப்போது தூக்கினால் கொட்டாது. எட்டு லைட்டும் எரியும். அரை மணித்தியாலம் வயல் கரையில் நிறுத்தலாம். முதலாளியிடம் கேட்கிறேன். அவருடைய தகப்பன் இறந்ததும் அறுவடைக்குள்தான், விளங்கும்.

ரஞ்சி மாமி: கபினுக்குள் சப்பாத்தோடு இருந்தா செய்வாய்

குகன் அண்ணா கனடா: கழற்றுகிறேன் மாமி

ரஞ்சி மாமி: குளித்துவிட்டு ஏறு

பெரியம்மா: (குரல் செய்தி, 0:48)

ரவி அண்ணா: அம்மா அழுகிறாவா

தர்ஷி: இல்லை. படையலுக்கு என்ன என்று சொல்கிறா. கத்தரிக்காய்க் குழம்பு, பயற்றங்காய், பால் கறி, வடை, பாயசம். பெரியப்பாவுக்கு ஒரு சுருட்டும் வைக்க வேண்டுமாம், யாழ்ப்பாணத்துச் சுருட்டுத்தான் வேண்டுமாம், இங்கே கடையில் வாங்குவது வேண்டாமாம்.

செல்வம் மாமா: ஒடியல் கூழ் என்றால் அத்தான் எழும்பி வருவார்

ரஞ்சி மாமி: திவசத்துக்கு மீன் கூழா? மூளை இருக்கிறதா?

செல்வம் மாமா: மறுநாளைக்குச் சொன்னேன்

மாஸ்டர் சித்தப்பா: சுருட்டு என் பொறுப்பு. நல்லூரில் இருந்து வருகிற பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

குகன் அண்ணா கனடா: இன்னொன்றும் இருக்கிறது. அடுத்த கிழமை நடுவில் மழை வரும் என்று காட்டுகிறது. இரண்டு நாள் விடாமல் பெய்தால் வயல் சகதியாகிவிடும், மெசின் இறங்காது, நாலைந்து நாள் எல்லோரும் சும்மா இருப்போம். புதன்கிழமை அப்படி ஆனால், அன்றிரவே ஏறி வெள்ளி காலை கட்டுநாயக்காவில் நிற்பேன். டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை.

தர்ஷி: அப்போ மழைக்கு நேர்த்தி வைக்கலாமா 😂

ரவி அண்ணா: மழை பெய்தால் வெட்டிக் கிடக்கிற புல்?

குகன் அண்ணா கனடா: கறுத்துப் போகும். சத்து ஊறிப் போய்விடும். அந்தப் பண்ணைக்காரருக்கு அந்த வெட்டு நட்டம்தான்.

செல்வம் மாமா: ம்

பெரியம்மா: (குரல் செய்தி, 0:11)

ரவி அண்ணா: என்ன

தர்ஷி: "மழை வேண்டாம். புல்லு காயட்டும். அவர் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்."

இரவு 9.52

ரஞ்சி மாமி: குகன், ஒரு படம் அனுப்பு. இரவில் லைட்டோடு நிற்கிறது. அக்காவுக்குக் காட்ட.

குகன் அண்ணா கனடா: சரி மாமி

ரவி அண்ணா: அப்போ நான் சமையற்காரரிடம் 60 என்று சொல்லவா, 61 என்று சொல்லவா?

செல்வம் மாமா: 65 சொல்லு. சொல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள்

ரஞ்சி மாமி: யாரைச் சொல்கிறீர்கள்

மாஸ்டர் சித்தப்பா: வடைக்கு உழுந்து யார் எடுப்பது?

ரவி அண்ணா: நாளைக்குப் பேசுவோம்

ரஞ்சி மாமி: லிஃப்ட் மாதிரி