‘நம்ம வீடு’ குரூப்: யாழினியோட த்ரில்லரை யார் எப்போ பார்க்கணும்

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். எங்க காலேஜ் குறும்படம் ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) ரெடி. 6 நிமிஷம் 40 செகண்ட். லிங்க் மேல இருக்கு. பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க.

கதிர் மாமா: யாழினி, அந்த லிங்க்கை உடனே எல்லாருக்கும் சேர்த்து அழி. யாரும் திறக்காதீங்க.

யாழினி: அழிச்சிட்டேன் மாமா. ஏன்?

கதிர் மாமா: த்ரில்லரை ஒரு ஆள் ஒரு தடவைதான் முதல் தடவையா பார்க்க முடியும். முடிவு தெரிஞ்சவங்ககிட்ட “எங்க சந்தேகம் வந்துச்சு?”ன்னு கேட்டா சரியான பதில் வராது. முடிவுல இருந்து பின்னோக்கி யோசிச்சுத்தான் சொல்லுவாங்க. இந்த குரூப்ல 31 பேர் இருக்கோம். இன்னைக்கே எல்லாரும் பார்த்துட்டா, நாளைக்கு எடிட்டை மாத்தினப்புறம் யாருகிட்ட காட்டுவே?

கதிர் மாமா: நடிச்சவங்க, ஷூட்டுக்கு வந்தவங்க, கதை தெரிஞ்சவங்களைக் கழிச்சுடு. எத்தனை பேர் மிஞ்சுவாங்க?

யாழினி: 24.

கதிர் மாமா: எட்டு எட்டா மூணு செட் பிரி. முதல் செட்டுக்கு இந்த கட். அவங்க சொன்னதை வச்சு திருத்தினதை இரண்டாவது செட்டுக்குக் காட்டு. சவுண்ட் மிக்ஸ் முடிஞ்சதை மூணாவது செட்டுக்கு. ஒவ்வொரு செட்லயும் தாத்தா வயசு, ஸ்கூல் வயசு எல்லாம் கலந்து இருக்கணும். கதையைப் பத்தி இந்த குரூப்ல ஒரு வார்த்தை வரக்கூடாது.

செல்வி பெரியம்மா: நான் எந்த செட்? பசங்களோட சேர்ந்து டிவில பார்க்கலாமா?

கதிர் மாமா: நீங்க இரண்டாவது செட் அக்கா. தனியாப் பாருங்க. சேர்ந்து பார்த்தா ஒருத்தர் “இவன்தான்”னு வாய்விட்டுச் சொன்னதும் பக்கத்துல இருக்கிறவங்க யோசிக்கிறதை நிறுத்திடுவாங்க. பார்த்து முடிச்சதும் யார்கிட்டயும் பேசாம முதல்ல ஃபார்மை நிரப்பிடுங்க.

யாழினி: ஃபார்ம்ல என்ன கேக்கணும் மாமா? ஸ்டார் ரேட்டிங் வச்சிருக்கேன்.

கதிர் மாமா: எடுத்துடு. சொந்தக்காரங்க எல்லாரும் 5 கொடுப்பாங்க, அதை வச்சு ஒரு ஷாட்டைக்கூட மாத்த முடியாது. முதல் கேள்வி: படத்துல என்ன நடந்துச்சு, மூணு வரியில சொல்லுங்க. இதுதான் உயிர். அவங்க சொல்ற கதையும் நீ எடுத்த கதையும் வேறயா இருந்தா மத்த பதிலை அப்புறம் பார்த்துக்கலாம். அடுத்து, யார் மேல, எந்த நிமிஷத்துல முதல் சந்தேகம் வந்துச்சு? எங்க புரியல? எங்க கவனம் வேற பக்கம் போச்சு? முடிவு முன்னாடியே தெரிஞ்சுதா, எப்போ?

கதிர் மாமா: ஒவ்வொரு கேள்வியையும் தனி செக்‌ஷன்ல போடு. அஞ்சாவது கேள்வியைப் பார்த்துட்டு முதல் கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது. பாத்திரம் பேரை நீயா எடுத்துக் கொடுக்காதே. “இன்னார் மேல சந்தேகம் வந்துச்சா?”ன்னு கேட்டா எல்லாரும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க.

தீபக்: நிமிஷம் எப்படி ஞாபகம் வச்சுப்பாங்க?

கதிர் மாமா: திரையிலேயே ஓடவிடு. நீ எடிட் பண்ற டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர்ல வொர்க்ஸ்பேஸ் மெனுவுக்குள்ள டேட்டா பர்ன்-இன், அதுல ரெக்கார்ட் டைம்கோட் (ஓடுற நேரம்). மேல் மூலையில, சின்னதா. டைம்லைன் வழக்கமா 01:00:00:00-ல ஆரம்பிக்கும், அதை 00-க்கு மாத்து. மூணாவது செட்டுக்கு மட்டும் இதை எடுத்துடு, அவங்க படத்தை முழுப் படமாப் பார்க்கணும்.

பானு சித்தி: யாழினி, பயத்துக்கு அடியில ஒரு உறுமல் மாதிரி சத்தம் போட்டிருக்கியா?

யாழினி: ஆமா சித்தி, முக்கால்வாசி சஸ்பென்ஸ் அதுலதான் நிக்குது.

பானு சித்தி: 60, 80 ஹெர்ட்ஸ்ல இருந்தா போன் ஸ்பீக்கர்ல அநேகமா கேக்கவே கேக்காது. நீ ஹெட்போன்ல எடிட் பண்றதால உனக்கு மட்டும் பயமா இருக்கும். அந்த டிராக்கை காப்பி எடுத்து, காப்பில லேசா டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கொஞ்சம் சிதைக்கிற எஃபெக்ட்) போட்டு, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடு. மேல் சுரங்கள் கொஞ்சம் வரும், போன்லயும் உறுத்தும். ஃபார்ம்ல “எதுல கேட்டீங்க: போனா, ஹெட்போனா, டிவியா”ன்னு ஒரு கேள்வி சேரு. இல்லேன்னா “சலிப்பா இருந்துச்சு”ங்கிற பதிலுக்குக் காரணம் எடிட்டா சவுண்டான்னு தெரியாது.

பானு சித்தி: ரூம் டோன் எடுத்திருக்கீங்களா?

தீபக்: அப்படின்னா?

பானு சித்தி: யாரும் பேசாம, அசையாம, அதே அறையில அதே மைக்ல 1 நிமிஷம் பதிவு பண்றது. ரெண்டு வசனத்துக்கு நடுவுல வெட்டுற இடத்துல அதைப் போட்டு நிரப்பணும். நிரப்பலேன்னா அங்க சத்தம் அடியோட செத்துடும். குடும்பப் படத்துல அது சின்னக் குறைதான். த்ரில்லர்ல திடீர்னு நிசப்தம் வந்தா ஏதோ நடக்கப்போகுதுன்னு ஆள் நிமிர்ந்து உக்காருவாங்க, ஒண்ணும் நடக்காது. நாலு தடவை அப்படி ஆச்சுன்னா நிஜமான இடத்துல பயப்பட மாட்டாங்க. அதே வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க. ஃபேன், ஃப்ரிட்ஜ் ரெண்டையும் அணைச்சுடுங்க. வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டா கிளம்பும்போது திரும்பப் போட மறக்காது.

தீபக்: மாமா, ஹால் சீன்ல ட்யூப்லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா ஓடுது.

கதிர் மாமா: கேமரா ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்குற நேரம்) ஆட்டோல இருந்திருக்கும், 1/60 எடுத்திருக்கும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50ன்னு பூட்டி வச்சா பட்டை வராது. பட்டையை எடுக்கிற டீஃப்ளிக்கர் எஃபெக்ட் ரிசால்வ் இலவசப் பதிப்புல கிடையாது. அந்த ஷாட்டை மட்டும் திரும்ப எடுத்துடு. பழைய ஷாட்ல வாய் அசைவும் சத்தமும் போகப்போக விலகுதா?

தீபக்: ஆமா, கடைசில நல்லாவே தெரியுது.

கதிர் மாமா: போன் கேமரா ஃப்ரேம் ரேட்டை ஏத்தி இறக்கி எடுக்கும். ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட் 25 வச்சு மாத்திட்டு எடிட்டுக்குள்ள கொண்டு வா.

மணி தாத்தா: இருட்டு சீன் இருக்கா? போன்ல எனக்கு ஒண்ணும் தெரியாது.

கதிர் மாமா: சரியாக் கேட்டீங்க அப்பா. யாழினி, படத்தை வாட்ஸ்அப்ல வீடியோவா அனுப்பாதே. சுருக்கும்போது இருட்டுப் பகுதிதான் முதல்ல கட்டம் கட்டமா உடையும், துப்பு அங்கேயே தொலைஞ்சுடும். யூடியூப்ல அன்லிஸ்டட் லிங்க் (லிங்க் இருக்கிறவங்க மட்டும் பார்க்கிறது), இல்லேன்னா வாட்ஸ்அப்லயே டாக்குமெண்ட்டா அனுப்பு. பகல்ல, ஜன்னல் பக்கம், பாதி பிரைட்னஸ்ல நீயே ஒரு தடவை பாரு. தெரியலேன்னா மொத்தத்தையும் வெளுக்க வைக்காதே, அந்தப் பொருள் இருக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் தூக்கு.

யாழினி: சரி மாமா. எத்தனை பேர் சொன்னா மாத்தணும்?

கதிர் மாமா: எட்டுல ஒருத்தர்னா குறிச்சு வை. மூணு பேர் ஒரே பத்து செகண்டுக்குள்ள தடுமாறினா படத்துல குறை இருக்கு. அவங்க காட்டுற இடத்தை நம்பு, சொல்ற வைத்தியத்தை அப்படியே எடுத்துக்காதே. “முடிவு புரியல, கடைசில ஒரு வசனம் வை”ம்பாங்க. பெரும்பாலும் கோளாறு நாலு நிமிஷம் முன்னாடி இருக்கும். நீ 2:40-ல காட்டுற பொருள் எத்தனை ஃப்ரேம்?

யாழினி: 12.

கதிர் மாமா: 25 ஃப்ரேம்ல அது அரை செகண்டுகூட இல்ல. எடிட்ல திரும்பத் திரும்பப் பார்த்ததால உனக்குப் போதும்னு தோணும். 40 ஃப்ரேமாவது விடு. முன்னாடி அந்தக் கேரக்டர் பார்க்கிற பார்வை, அப்புறம் பொருள், மறுபடி அதே கேரக்டர் முகம். இந்த மூணும் இருந்தா சின்னப் பொருள்கூட மனசுல நிக்கும்.

கதிர் மாமா: தலைகீழாவும் வரும். பாதிப் படத்துலேயே ஆறு பேர் முடிவைக் கண்டுபிடிச்சுட்டா துப்பு சத்தமா இருக்குன்னு அர்த்தம். முதல்ல அந்த இடத்து மியூசிக்கை எடுத்துப் பாரு. அதுக்கும் அடங்கலேன்னா க்ளோசப்பை எடுத்துட்டு, கேரக்டருங்க பேசிக்கிட்டிருக்கிற அகலமான ஷாட்ல பொருள் ஓரமா கிடக்கட்டும்.

யாழினி: மேம் ஃபீட்பேக் அறிக்கையும் கேட்டிருக்காங்க.

கதிர் மாமா: நேரம், எத்தனை பேர் சொன்னாங்க, என்ன மாத்தினே, அடுத்த செட் என்ன சொல்லுச்சு. இந்த நாலுக்கும் நாலு காலம் (column) போட்ட ஒரு ஷீட் போதும். மாத்தாம விட்டதுக்கும் காரணம் எழுது.

யாழினி: முதல் செட் 8 பேருக்கும் தனித்தனியா லிங்க் அனுப்பியாச்சு. ஞாயிறு ராத்திரி 9 மணிக்கு ஃபார்ம் மூடிடுவேன். மத்தவங்க அவங்ககிட்ட கதை கேக்காதீங்க ப்ளீஸ்.

மணி தாத்தா: எனக்கு வந்துடுச்சு. டிவியில எப்படிப் போடணும்?

தீபக்: நான் வந்து போட்டுட்டு வெளிய உக்காந்துக்கிறேன் தாத்தா.