மறு: ஐடல் குழுவுக்குத் தமிழ்ச் சொல் – ‘வளர்கலைஞர்’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழையைத் தொடங்கியவன் என்ற முறையில், இதுவரை வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலாகப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காக இந்தச் சொல் என்று புதிதாகச் சேர்ந்த சிலர் கேட்டிருந்தார்கள். நானும் இரண்டு நண்பர்களுமாக ‘வேக் அப், கேர்ள்ஸ்!’ என்ற ஜப்பானிய அனிமே (அசைபட) தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2014 ஜனவரியில் வந்த தொடர், 12 பகுதிகள். செண்டாய் நகரத்தில் கிரீன் லீவ்ஸ் என்று ஒரு சின்னக் கலைஞர் நிறுவனம். கையில் இருந்த கலைஞர்கள் எல்லாரும் விலகிப்போன பிறகு, தலைவி தாங்கே ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு ஐடல் குழுவை, அதாவது மேடையில் பாடி ஆடும் இளம் கலைஞர் குழுவை, ஆரம்பிக்கிறார். குழு தலையெடுப்பதற்குள் நிறுவனத்துப் பணத்தோடு அவரே காணாமல் போய்விடுகிறார். அனுபவமில்லாத மேலாளர் மட்சுதாவும் அந்த ஏழு பேரும்தான் மிச்சம். முதல் பகுதியிலேயே ‘ஐடல்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நாங்கள் அங்கேயே நின்றுவிட்டோம்.

அகராதியைப் பார்த்தால் சிலை, விக்கிரகம். தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிறவருக்குச் சிலை என்றவுடன் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுதான் நினைவுக்கு வரும். அதை இங்கே யாரும் முன்மொழியவில்லை. நல்லது, தாண்டிப் போகலாம்.

> ஜப்பானியரே ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘ஐடோரு’ என்று வைத்துக்கொண்டார்கள். நாமும் ‘ஐடல்’ என்றே எழுதினால் என்ன?

கோவை நண்பரின் இந்தக் கேள்வி நியாயமானது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல் வேர் பிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சில்வி வார்தான் பாடி நடித்த 1963ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படம் ஒன்று, அடுத்த ஆண்டு ஜப்பானில் ‘ஐடோருவைத் தேடு’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியானது. சொல் பரவியதற்கு அந்தப் படத்தைத்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்வார்கள். அதற்கப்புறம் அங்கே அது வழிபாட்டுப் பொருளை விட்டு வெகுதூரம் போய்விட்டது. இன்று ஜப்பானியரிடம் ‘ஐடோரு’ என்றால் ஒரு குறிப்பிட்ட தொழில். அதற்கென்று மேடை, சம்பளம், கட்டுப்பாடு, ஓய்வு பெறும் முறை எல்லாம் இருக்கின்றன. நம் வாசகருக்கோ ‘ஐடல்’ என்றால் தொலைக்காட்சியில் நடுவர் முன்னால் ஒருவர் பாடும் போட்டிதான் தெரியும். ஒலிபெயர்த்து வைத்தால் தவறான பொருளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் வேறு சொல் தேடுகிறேன்.

> நட்சத்திரக் குழு, தாரகைகள்... இவை போதாதா?

போதாது என்பதுதான் என் முக்கிய வாதம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய அதே நாளில், 2014 ஜனவரி 10 அன்று, அதன் முன்கதை திரைப்படமாகத் திரையரங்குகளுக்கு வந்தது. படத்தின் பெயர் ‘ஏழு ஐடல்கள்’. படத்தின் முடிவில் ஏழு பெண்களும் செண்டாயின் கோத்தோதாய் பூங்காவில் ஒரு திறந்த மேடையில் ஏறுகிறார்கள். டிசம்பர் குளிர். மேடை உடை வாங்கப் பணமில்லை, பள்ளிச் சீருடையிலேயே வந்திருக்கிறார்கள். கீழே நிற்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் பலர் அந்த வழியாகப் போனவர்கள். தெரிந்தது ஒரே ஒரு பாட்டு. அதைப் பாடி ஆடிவிட்டு இறங்குகிறார்கள். ஊரில் ஒருவருக்கும் பெயர் தெரியாத இந்த ஏழு பேரைத்தான் படத்தின் தலைப்பு கூச்சமில்லாமல் ஐடல் என்கிறது. இந்த இடத்தில் ‘ஏழு நட்சத்திரங்கள்’ என்று எழுதிப் பாருங்கள், பொய்யாகிவிடும். நட்சத்திரம் என்பது எல்லாரும் அண்ணாந்து பார்த்தபின் கிடைக்கும் பெயர். ஐடல் என்பது முதல் நாள் மேடையில் கால் வைக்கும்போதே ஒட்டிக்கொள்ளும் பெயர். பத்துப் பேர் பார்த்தாலும் ஐடல், ஒருவருமே பார்க்காவிட்டாலும் ஐடல்.

கதையில் மட்டும் இப்படி இல்லை. ஏகேபி 48 என்ற மிகப் பெரிய குழு 2005 டிசம்பர் 8ஆம் தேதி டோக்கியோவின் அகிஹபாராவில் 250 பேர் கொள்ளும் சிறிய அரங்கில் தொடங்கியது. முதல் நாள் சீட்டு வாங்கி உள்ளே வந்த பொதுமக்கள் 7 பேர் என்று இன்றும் சொல்வார்கள். 2012 ஆகஸ்டில் அதே குழு டோக்கியோ டோம் என்ற மாபெரும் அரங்கில் மூன்று நாள் பாடியது. இந்த ஏழாண்டுத் தூரத்தைக் கூடவே நடந்து பார்ப்பதற்குத்தான் ரசிகர்கள் காசு கொடுக்கிறார்கள். முதல் நாள் குரல் பிசிறியதும் ஆட்டத்தில் கால் பிந்தியதும் அவர்களுக்குக் குறையாகத் தெரிவதில்லை, பின்னால் பேசி மகிழ்வதற்கான நினைவு அது. தேர்ந்த பாடகரைக் கேட்கப் போகிறவர் இப்படி யோசிக்க மாட்டார்.

ஆக, நாம் ஆக்கும் சொல் உயரத்தைச் சொல்லக்கூடாது, வளர்ச்சியைச் சொல்ல வேண்டும். அந்த வளர்ச்சி பார்க்கிறவர் கண்முன்னே நடக்கிறது என்பதும் அதில் தொனிக்க வேண்டும்.

மதுரையிலிருந்து எழுதிய ஐயா ‘விறலி’யை எடுத்துத் தந்தார். அந்த மடலைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது. விறல்பட, அதாவது மெய்ப்பாடு தோன்ற, ஆடிப் பாடுகிறவள் விறலி. வறுமையோடு ஊர் ஊராக நடந்து, ஆதரிப்பவரைத் தேடிப் போகிறவள். புறநானூறு 105இல் கபிலர் ஒரு விறலியைப் பார்த்து, பாரியிடம் போனால் உனக்கு அணிகலன் கிடைக்கும் என்று வழிகாட்டுகிறார். வேன் ஏறி அங்காடித் திறப்பு விழாக்களுக்கெல்லாம் போகும் செண்டாய்ப் பெண்களுக்கும் இவளுக்கும் உறவு இருப்பதுபோலத்தான் எனக்கும் தோன்றுகிறது.

ஆனாலும் இரண்டு சிக்கல். ஒன்று, விறலி பெண்பால். ஜப்பானில் ஆண் ஐடல் குழுக்கள் ஏராளம், அவர்களுக்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டிவரும். இரண்டு, விறலிக்கு ஆதரவு ஒரு வள்ளல். ஐடலுக்கு ஆதரவு சில்லறையாகச் சேர்கிறது: ஒரு குறுந்தகடு வாங்குகிறவர், கைகுலுக்க வரிசையில் நிற்கிறவர், கூடநின்று ஒரு செக்கி படம் எடுத்துக்கொள்கிறவர். செக்கி என்பது எடுத்த உடனே கையில் தரும் அச்சுப் படம், அதை அப்படியே செக்கி என்றே வைத்துக்கொள்ளலாம். ‘விறலி’யைச் சங்கப் பாடலுக்கே விட்டுவிடுவோம் ஐயா, தப்பாக நினைக்காதீர்கள்.

என் முன்மொழிவு: வளர்கலைஞர். குழுவுக்கு வளர்கலைஞர் குழு.

வளர்பிறை என்ற சொல்லைப் பார்த்துத்தான் இது வந்தது. மூன்றாம் பிறையும் நிலாதான், முழுநிலவு ஆகும்வரை அதற்கு வேறு பெயர் வைப்பதில்லை. தினமும் மொட்டைமாடியில் நின்று பார்க்கிறவருக்குத்தான் அதன் வளர்ச்சி தெரியும். அப்புறம், இது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என மூன்று காலத்தையும் ஒரே ‘வளர்’ தாங்கிக்கொள்கிறது. கோத்தோதாய் பூங்கா மேடைக்கும் பெரிய அரங்குக்கும் ஒரே பெயர் பொருந்த வேண்டும் என்று கேட்டோமே, அதை இலக்கணமே செய்து கொடுக்கிறது. ஒரு சின்ன எச்சரிக்கை: வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு போல வளர்கலைஞர் என்றே எழுதுங்கள். நடுவில் ‘க்’ போட்டுவிட வேண்டாம். ‘வளர்கலைஞர் குழு’விலும் ஒற்று வராது, ஆசிரியர் குழு மாதிரி.

யாழ்ப்பாணத்து அக்கா இரண்டு மறுப்பு எழுதியிருந்தார். முதலாவது, ‘வளர்’ என்றால் வளர்ப்புப் பிராணி மாதிரி, யாரோ வளர்த்துவிடும் பிள்ளைகள் என்ற தொனி வருகிறது என்பது. இதை நான் இரண்டு நாள் யோசித்தேன் அக்கா. வளர்ப்பு என்பது பிறர் செய்வது. வளர்தல் தானே செய்வது. வளர்கலைஞரில் இருப்பது இரண்டாவது. இந்தத் தொடரும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆரம்பத்தில் பெரியவர்கள் சொல்வதையெல்லாம் இந்தப் பெண்கள் செய்கிறார்கள். ஒரு குளியல் விடுதியில், குடித்துக்கொண்டிருக்கும் ஆண்கள் முன்னால், விருப்பமில்லாத உடையில் நிறுத்தப்படுகிறார்கள். பார்க்கவே நெஞ்சு கனக்கும். எதிர்ப்பக்கம் ஐ-1 கிளப் என்ற பெரிய குழு. ஓய்வெடுக்காதே, குறை சொல்லாதே, யோசிக்காதே, எப்போதும் நன்றியோடு இரு என்று அங்கே பெண்களைக் கூட்டாகச் சொல்லவைக்கிறார்கள். யோசிக்காதே என்பது ஒரு விதியாகவே இருக்கிறது, பாருங்கள். அங்கே நடப்பதற்கு வேண்டுமானால் வளர்ப்பு என்று பெயர் வைக்கலாம். செண்டாய்க் குழு யோசிக்கத் தொடங்கும் இடத்திலிருந்துதான் வளர்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: வளர்கலைஞர் என்றால் இன்னும் கலைஞர் ஆகாத பயிற்சியாளர் என்று படுமே என்கிறார். படக்கூடும். ஆனால் ஐடல் குழுக்களில் பயிற்சி நிலைக்குத் தனிப் பெயர் இருக்கிறது, ‘கென்க்யூசெய்’. அதற்குப் ‘பயில்நிலை உறுப்பினர்’ என்று நாம் தனியாக வைத்துவிட்டால் குழப்பம் குறையும். முழுதாகத் தீரும் என்று சொல்லமாட்டேன்.

கூடவே வரும் சொற்களையும் பார்த்துவிடுவோம். குழுவின் நடுவில் நின்று ஆடுகிறவரை ‘சென்டர்’ என்கிறார்கள். தொடரில் ஷிமாதா மாயு ஒரு காலத்தில் ஐ-1 கிளப்பின் சென்டர், அங்கிருந்து வெளியேறி வந்தவள். இதற்கு நாம் சொல்லே ஆக்க வேண்டியதில்லை. மாலையின் நடுவில் பதிக்கும் மணிக்கு நடுநாயகம் என்று தமிழில் ஏற்கெனவே பெயர் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். இருபக்கமும் மற்ற மணிகள் இருந்தால்தான் அது நடுநாயகம். மாயு மற்ற ஆறு பேரோடு சேர்ந்து நிற்கப் பழகும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சிறிய அரங்குகளில் மட்டும் பாடுகிறவர்களை ஜப்பானியர் ‘சிகா ஐடோரு’ என்பார்கள், நிலத்தடி ஐடல் என்று பொருள். தமிழில் நிலத்தடி என்றால் நீர்தான் வரும். ‘சிற்றரங்க வளர்கலைஞர்’ போதும். ஒரே ஊரைச் சார்ந்து இயங்கும் ‘கொதோச்சி’ வகைக்கு ‘ஊர் வளர்கலைஞர்’. இதில் ‘வட்டார’ என்பதைவிட ‘ஊர்’ எனக்குப் பிடித்திருக்கிறது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலை அடித்த கெசென்னுமாவிலிருந்து வந்தவள் குழுவில் இருக்கும் காயா. ஒரு பகுதியில் ஏழு பேரும் அவளுடைய ஊருக்கே போய்த் தங்குகிறார்கள், தான் இழந்தவரைப் பற்றி அவள் அங்கேதான் பேசுகிறாள். அந்த இடத்தில் சப்டைட்டிலில் ‘வட்டாரம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மிச்சம் இருப்பது ‘சொத்சுக்யோ’. குழுவை விட்டு ஒருவர் விலகுவதை ஜப்பானியர் பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறுவதற்கான அதே சொல்லால் சொல்கிறார்கள். ‘பட்டம் பெறுதல்’ தவறு. ‘விலகல்’ என்றால் சண்டை போட்டுக்கொண்டு போனதுபோல இருக்கிறது. இப்போதைக்கு ‘விடைபெறல்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் குழுவே மொத்தமாகக் கலைவதற்கு அவர்களிடம் ‘கைசான்’ என்று வேறு சொல் இருக்கிறது. தொடரில் குரல் கொடுத்த ஏழு நடிகையரும் அதே பெயரில் நிஜக் குழுவாக மேடையேறினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் கொடுத்தவருடைய முதற்பெயரையே வைத்திருந்தார்கள். 2019 மார்ச் 8 அன்று சைதாமா சூப்பர் அரீனாவில் கடைசியாகப் பாடிவிட்டுக் கலைந்தார்கள். அதை விடைபெறல் என்று எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. ‘குழுக்கலைப்பு’ என்றால் சங்கப் பதிவை ரத்து செய்ததுபோலக் கேட்கிறது.

இந்த இரண்டு சொல்லுக்கு மட்டும் யாருக்காவது நல்ல யோசனை இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். வளர்கலைஞருக்கும் நடுநாயகத்துக்கும் மறுப்பு இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். முதல் பகுதியின் வரிகளை இந்த இரண்டு சொல்லையும் போட்டு மறுபடி எழுதிப் பார்த்தேன், உரக்கப் படித்தபோது எங்கும் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பைக் குழுமத்தில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்