கையுறை போட்டுக்கொண்டு ஹாலிவுட் போன அம்மா

2023-இல் மகள் பிரசவத்துக்காக ஐந்து மாதம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பர்பேங்க்கில் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு 75 வயது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அர்த்தம் சொன்னதும் முகமெல்லாம் சந்தோஷம்.

ஒருநாள் என் தங்கை போலியோ வந்து, காலைத் தாங்கிப் பிடிக்கிற காலிப்பர் போட்டு நடந்தவள் என்று சொன்னேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தம்பிக்கும் 1952-இல் போலியோ. அந்த வருஷம் மட்டும் அமெரிக்காவில் 57,000 பேருக்கு மேல் வந்தது. தடுப்பூசி 1955-இல்தான். "மூணு வருஷம் முந்தி வந்திருக்கக்கூடாதா" என்றார். என் தங்கைக்காக எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் அம்மா ஊரார் துணியை வாங்கித் துவைத்துத்தான் வைத்தியச் செலவைச் சமாளித்தாராம். 1957-இல் ஒருநாள், விரல் வெடிப்பு தெரியாமல் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, பஸ் ஏறி ஹாலிவுட் போயிருக்கிறார். 'குயின் ஃபார் எ டே' நிகழ்ச்சிக்கு.

1945-இல் ரேடியோவில் ஆரம்பித்து, 1956 முதல் என்பிசி டிவியில், பிறகு ஏபிசி டிவியில், 1964 வரை பகல் நேரத்தில் ஓடிய நிகழ்ச்சி அது. ஜாக் பெய்லி நடத்தினார். சன்செட் பூல்வார்டில் மூலான் ரூஜ் என்ற பெரிய அரங்கில் நடக்கும். வருகிற பெண்கள் என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று ஒரு கார்டில் எழுதித் தரவேண்டும். அதிலிருந்து நாலைந்து பேரை மேடைக்குக் கூப்பிட்டு அவரவர் கஷ்டத்தைச் சொல்லச் சொல்வார்கள். பிறகு கூட்டம் கைதட்டும். சத்தத்தை அளக்க மீட்டர். யாருக்கு முள் அதிகம் ஏறுகிறதோ அவர் அன்றைக்கு ராணி. வெல்வெட் அங்கி, கிரீடம், கை நிறைய ரோஜா, கேட்ட பொருள், அதற்கு மேலும் பரிசுகள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் நாலு பேர் முன்னால் அழவேண்டுமா? அழுகையை மீட்டர் வைத்து அளப்பதா? இன்றைக்கும் எனக்கு அது சரியாகப் படவில்லை.

அக்கா கோபப்படவில்லை. "கைதட்டினதும் எங்க அம்மா மாதிரி பொம்பளைங்கதானே" என்றார். அம்மாவின் கார்டை எடுக்கவில்லை. மேடையேறியவர்களில் ஒரு பெண் மகனுக்குச் சக்கர நாற்காலி கேட்டாளாம். அவளுக்காக அம்மா கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தட்டியிருக்கிறார், துணி தடுத்தால் சத்தம் குறையும் என்று. ராத்திரி அந்த வெடிப்பிலெல்லாம் ரத்தம் கசிந்திருந்ததாம். 9 வயது அக்காதான் வாசலின் தடவிவிட்டிருக்கிறார். சொல்லும்போது தன் உள்ளங்கையை விரித்து, கட்டை விரலுக்குக் கீழே தொட்டுக் காட்டினார்.

கார்டில் அம்மா என்ன எழுதினார் என்று கேட்டேன்.

"வாஷிங் மெஷின் வேணும்னு. ஏன் வேணும்ங்கிற இடத்துல, 'துணி நிறைய'ன்னு மட்டும். தம்பி காலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை. அவன் டிவி பார்ப்பான்ல, அதான்."