கார்சிவாவில் முழுப் பெயரும் பெரிய எழுத்திலா?

தேக்கா_அச்சு: நேற்று இங்கே ஒருவர் அருள்வாக்கு சொன்னார்: கல்யாணப் பத்திரிகை என்றால் மோனோடைப் கார்சிவா என்ற சாய்ந்த ஆங்கில எழுத்துரு, ஆங்கிலப் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் (கேபிட்டல்), அப்போதுதான் கம்பீரமாம். கார்சிவாவின் பெரிய எழுத்துக்கு வாலும் சுழிப்பும் உண்டு. சொல்லின் தொடக்கத்தில் ஒன்று மட்டும் நிற்கத்தான் வரைந்தார்கள். பத்தையும் வரிசையாக நிறுத்தினால், மாலை நேர எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் குடையை விரித்தது போல இருக்கும்.

பூன்லே_வாசி: "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? தங்கச்சி பத்திரிகை அப்படித்தான் அடித்தோம். ஐசியிலும் (அடையாள அட்டையிலும்) பெயர் முழுக்கப் பெரிய எழுத்துதானே?

தேக்கா_அச்சு: ஐசியில் சுழிப்பு வைத்தா அடிக்கிறார்கள்? பெயர் நடுவில் "இன்னாரின் மகன்" என்று வரும் "எஸ்/ஓ"வைக் கார்சிவாவில் பெரிய எழுத்தில் போட்டுப் பாருங்கள். கோடும் எழுத்தும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு, அப்பா பெயர் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும்.

ஈசூன்_அக்கா: கார்சிவாவே நகல்தான். ஹெர்மன் ஸாஃப் 1979இலேயே ஸாஃப் சான்சரி என்ற எழுத்துருவைச் செய்துவிட்டார். ஆப்பிள் லேசர்ரைட்டர் பிளஸ் அச்சுப்பொறியில் கூடவே வந்தது அதுதான்.

தேக்கா_அச்சு: நகல் இல்லை அக்கா. கார்சிவாவை வரைந்தவர் பட்ரீஷியா சாண்டர்ஸ். அதற்கு மூலம் அர்ரிகியின் கையெழுத்து. அவர் போப்பின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர், 1522 தேதியிட்ட கையெழுத்துப் பயிற்சி நூலும் அவருடையது. சரி, பேச்சு பெரிய எழுத்தைப் பற்றி.

ஈசூன்_அக்கா: எழுத்துகளின் அகலம் இரண்டிலும் அளவெடுத்து வைத்த மாதிரி ஒன்றுதான். நகல்.

பூன்லே_வாசி: வந்துவிட்டார் அர்ரிகி! தீபாவளி அட்டை பற்றிப் பேசியபோதும் இவர் இப்படித்தான் இத்தாலிக்குக் கிளம்பினார். கடை தேக்காவில், மனசு வெனிஸில்.

தேக்கா_அச்சு: வெனிஸுக்கே வாருங்கள். 1501இல் ஆல்டஸ் மனூட்டியஸ் வெர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். சாய்ந்தது சிறிய எழுத்து மட்டும், பெரிய எழுத்து நிமிர்ந்தே நின்றது. அவருக்கே தெரிந்திருக்கிறது, பூன்லேக்குத்தான் தெரியவில்லை.

புதுசு88: அண்ணே, சில பத்திரிகைகளில் தமிழையும் சாய்த்துவிடுகிறார்களே, அது சரியா?

தேக்கா_அச்சு: கணினி நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அது வேறு வயிற்றெரிச்சல். நான் கேட்பது பெரிய எழுத்து!

பூன்லே_வாசி: தமிழைச் சாய்த்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் பாட்டி நன்றாகத்தான் படித்தார். கேளுங்கள், என் கல்யாணம் டிசம்பரில். கார்சிவா, முழுக்கப் பெரிய எழுத்து, அதுவும் தடித்த எழுத்தில். உங்களுக்கும் ஒரு பத்திரிகை வரும்.

தேக்கா_அச்சு: மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வரும் கார்சிவாவில் தடித்த வடிவமே கிடையாது. வேர்ட் ஓரத்தில் மை பூசிக் காட்டுகிறது. எந்த அச்சகம் அது, பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பூன்லே_வாசி: சொன்னால் அங்கேயும் போய் வெனிஸ் கதை சொல்வீர்கள்.

ஈசூன்_அக்கா: தம்பி, ஸாஃப் சான்சரியில் போடச் சொல்லுங்கள். அசல் அதுதான்.